விடு, தடு: ஒரே ஒலியில் இரண்டு வினைகள்

‘லெட்’ என்ற ஆங்கில வினைக்கு ‘அனுமதி’ என்று பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் இந்தியக் கடவுச்சீட்டில், அதை வைத்திருப்பவரைத் தங்குதடையின்றிச் செல்லவிடுமாறு கோரும் ஆங்கில வாசகத்தில் ‘லெட்’ தடையையே குறிக்கிறது. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளிலும், தாம் ரோமுக்கு வர முடியாமல் தடைபட்டதை பவுல் சொல்லுமிடத்தில் இதே சொல்தான் நிற்கிறது. ஒரே சொல் தன் பொருளுக்கே எதிராகத் திரும்பிவிட்டது என்று பலர் வியக்கிறார்கள். அது சரியல்ல. பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனி வினைகள். ‘லேட்டன்’ என்றால் விடுதல். ஜெர்மானிய ‘லாஸன்’ அதன் உறவு. ‘லெட்டன்’ என்றால் தடுத்தல். அது தாமதத்தைக் குறிக்கும் ‘லேட்’ என்ற சொல்லின் வழி வந்தது. ஒருவரைத் தாமதப்படுத்துவது அவரைத் தடுப்பதுதானே! பின்னாளில் முதல் வினையின் நெடில் குறுகியதால் ஒலி ஒன்றானது.

இரண்டுக்கும் தொல் இந்தோ-ஐரோப்பிய மொழியில் ‘தளர்தல்’ என்ற ஒரே வேர்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த உறவு ஆங்கிலம் பிறப்பதற்கு வெகுகாலம் முந்தியது. பழைய ஆங்கிலத்தில் ஒன்று உயிரொலியை மாற்றி இறந்தகாலம் காட்டியது; மற்றது விகுதி சேர்த்துக் காட்டியது. இலக்கணமே பிரித்து வைத்திருந்தவற்றை, வேர் ஒன்று என்பதற்காக ஒரே சொல்லாக்க முடியாது. ஒலி ஒன்றானபின் குழப்பம் தாங்காமல் தடுக்கும் ‘லெட்’ வழக்கொழிந்தது. சட்டத் தொடர்களிலும், சர்வ் செய்த பந்து வலையை உரசினால் டென்னிஸ் நடுவர் எழுப்பும் குரலிலும்தான் அது இன்று எஞ்சியிருக்கிறது.