அரங்கில் விழுந்த அறை!

1913, மார்ச் 31. வியன்னாவின் புகழ்பெற்ற ம்யூசிக்ஃபெரைன் அரங்கம். ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துபவர் அர்னால்ட் ஷோன்பெர்க். நிகழ்ச்சி நிரலில் அவருடைய படைப்பு ஒன்று, அவருடைய சீடர்கள் வெபர்ன், பெர்க் ஆகியோரின் படைப்புகள்... எல்லாம் புத்தம்புதுசு. கடைசியில் மட்டும் மாலரின் பாடல்கள்.

வெபர்னின் இசைக்கே சிரிப்பு கிளம்பிவிட்டது. 28 வயது பெர்க்கின் பாடல் தொடங்கியதும் ரகளை! விசில், கூச்சல், கைகலப்பு. நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த இளைஞர் எர்ஹார்ட் புஷ்பெக் ஒருவருக்குப் 'பளார்' என்று அறை விட, போலீஸ் வந்தது. மாலரின் பாடல்களை வாசிக்காமலேயே கச்சேரி முடிந்தது. பிறகு கோர்ட்டில் சாட்சி சொன்ன ஆஸ்கார் ஸ்ட்ராஸ் என்ற இசையமைப்பாளர், அன்றைய மாலையில் கேட்டதிலேயே இனிமையான சத்தம் அந்த அறைதான் என்றாராம். குசும்பு!

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஐந்து வாரம் முன்புதான், அதே அரங்கில், இதே ஷோன்பெர்க்கின் 'குர்ரெ-லீடர்' அரங்கேறி, கைதட்டலில் கட்டடமே அதிர்ந்தது. அது அவர் 1900-ல் பழைய பாணியில் எழுத ஆரம்பித்த இசை. ஆக, ஜனங்களுக்கு ஆள் மேல் கோபமில்லை. புதுசின் மேல்தான் கோபம்!

எப்போதுமே இப்படியா என்றால், இல்லை. 1791-ல் ஹைடன் லண்டனில் போய் இறங்கியபோது ரசிகர்கள் கேட்டதே புது சரக்குதான். இரண்டு பயணங்களில் 12 சிம்பொனிகள் எழுதித் தள்ளினார் மனிதர். லைப்ஸிக் நகரின் கெவாண்ட்ஹவுஸ் ஆர்க்கெஸ்ட்ரா 1780-களில் வாசித்ததில் பெரும்பகுதி, அப்போது உயிரோடு இருந்தவர்கள் எழுதியது. 1870 வாக்கில் கணக்கு தலைகீழ். மொசார்ட்டும் பீத்தோவனும் மறைந்தபின் தெய்வங்களாகிவிட்டார்கள். தெய்வத்துக்கு முன்னால் மனுஷன் எடுபடுவானா?

பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், வரவு-செலவையும் பாருங்கள். பீத்தோவன் என்றால் வாத்தியக்காரர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஒத்திகை குறைவு, டிக்கெட் நிச்சயம். புதுசு என்றால் ஒத்திகை கூடும், இசைத்தாள்களுக்கு வாடகை கட்ட வேண்டும், அரங்கு நிறையுமா என்பதோ ஆண்டவனுக்கே வெளிச்சம். எந்த மேனேஜர் துணிவார்?

ஷோன்பெர்க் அசரவில்லை. 1918-ல் ஒரு சங்கம் தொடங்கினார். உறுப்பினர்களுக்கு மட்டுமே அனுமதி. பத்திரிகை விமர்சகர்களுக்குக் கதவடைப்பு. கைதட்டவும் கூடாது, சீறவும் கூடாது! என்ன வாசிக்கப் போகிறார்கள் என்பதை முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். சொன்னால் 'ஐயோ, அதுவா?' என்று ஆள் வராமல் போய்விடுமே! முக்கியமான விஷயம், ஒரே படைப்பைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மூன்றே ஆண்டுகளில் 117 கச்சேரிகள், 154 படைப்புகள். ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் காசில்லாததால் பெரிய படைப்புகளையும் பியானோவுக்கும் சின்னக் குழுவுக்கும் சுருக்கி வாசித்தார்கள். 1921-ல் ஆஸ்திரியாவின் பணவீக்கம் சங்கத்தை விழுங்கியது.

பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் கண்டுபிடித்த வழி வேறு. முதலில் பத்து நிமிடம் புதுசு, அடுத்து ஒரு கான்செர்ட்டோ, இடைவேளைக்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்த சிம்பொனி. வாழைப்பழத்துக்குள் மாத்திரை வைக்கிற வித்தை! இன்றைக்கும் பல நிகழ்ச்சி நிரல்கள் இப்படித்தான். ஆனால் ஒருமுறை அரங்கேறிய புது இசை, இரண்டாவது முறை மேடை ஏறுவதுதான் கஷ்டம். ஷோன்பெர்க் சங்கத்தின் 'திரும்பத் திரும்ப' மந்திரத்தை மட்டும் யாரும் முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெர்க் என்ன ஆனார்? ரகளையில் சிக்கியவை, அவர் எழுதிய ஐந்து பாடல்களில் இரண்டு. ஐந்தும் சேர்ந்து ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒலித்தது 1953-ல், ரோம் நகரில். அதைக் கேட்க பெர்க் இல்லை. 1935-லேயே இறந்துவிட்டார்.

ரசிகர்கள் அன்றைக்கு ஒரு பத்து நிமிடம் பொறுத்திருந்தால்? பாட்டு பிடித்திருக்கும் என்று சொல்லவில்லை. எழுதியவனாவது கேட்டிருப்பான்!