மாங்கூழைப் பிரித்தறியும் வழி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விளையும் மாங்காயில் பெரும்பங்கு பெங்களூரா ரகம். கிளிமூக்கு, தோத்தாபுரி என்பவையும் அதன் பெயர்களே. தின்பதற்கு அல்போன்சா அளவுக்கு மதிப்பில்லை. ஆலைக்கோ சதை மிகுந்த, விலை மலிந்த இந்தப் பழமே உகந்தது. 1976இல் மாசாவும் 1985இல் புரூட்டியும் சந்தைக்கு வந்தபின், மாம்பழச் சாறு பருவம் பாராமல் விற்கும் பண்டமாயிற்று. கூழுக்குத் தேவை பெருகியது. இன்று நாட்டின் மாங்கூழ் ஆலைகள் பெரும்பாலும் ஆந்திரத்தின் சித்தூரிலும் கிருஷ்ணகிரியிலுமே திரண்டிருக்கின்றன.

மண்டியில் பழத்தை முகர்ந்தும் அழுத்தியும் வாங்கலாம். கொட்டை நீக்கிச் சூடாக்கி, டின்னிலோ டிரம்மிலோ அடைத்த கூழிடம் அந்த வித்தை பலிக்காது. இனிப்பைப் பிரிக்ஸ் மானி சொல்லிவிடும். புளிப்பைக் காரக் கரைசல் விட்டு அளந்துவிடலாம். அல்போன்சா என்று விற்ற கூழில் பெங்களூரா கலந்திருக்கிறதா என்று கேட்டால் இரண்டும் பேசா. நிறமும் மணமும் தரும் சேர்மங்களையே தனித்தனியே பிரித்தாக வேண்டும்.

நிறத்தைப் பிரிக்கும் வழி தொடங்கியது இலைச்சாற்றில். ருஷ்யத் தாவரவியலாளர் மிக்கேல் ட்ஸ்வெட், சுண்ணப் பொடி நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றிப் பச்சை, மஞ்சள் பட்டைகளாகப் பிரித்தார்; 1906இல் அதற்குக் குரோமட்டோகிராபி என்று பெயரிட்டார். மாம்பழத்தை மஞ்சளாக்கும் கரோட்டினாய்டுகளும் அந்த மஞ்சள் பட்டைகளின் குடும்பமே.

ட்ஸ்வெட்டின் குழாய் ஒரே திசையில், அதாவது ஒற்றைப் பரிமாணத்தில் பிரித்தது. இரண்டாம் பரிமாணம் பிறந்தது கம்பளி ஆராய்ச்சியில். 1944இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கான்ஸ்டன், கார்டன், மார்ட்டின் மூவரும் வடிதாளின் மூலையில் கலவையின் ஒரு சொட்டை வைத்து, ஒரு கரைப்பானை ஓடவிட்டனர். பின் தாளைச் செங்குத்தாகத் திருப்பி வேறொரு கரைப்பானை ஓடவிட்டனர். முதல் ஓட்டத்தில் ஒட்டிக் கிடந்தவை இரண்டாவதில் விலகின. ஓசூருக்கு 40 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் இந்தத் தாள் வேலை வேரூன்றியது. 1950களின் தொடக்கத்தில் கே. வி. கிரியும் என். ஏ. என். ராவும் வட்டத்தாள் முறையைச் செம்மைப்படுத்தி, அமினோ அமிலங்களை வளையங்களாகப் பிரித்தனர். அது ஒற்றைப் பரிமாணம்தான். ஆனால் தாளும் கரைப்பானும் இருந்தால் எந்தச் சிறு ஆய்வுக்கூடமும் செய்யக்கூடியது.

தாளின் வேலையை அழுத்தத்தில் இயங்கும் குழாய்களுக்கு மாற்றியவர்கள் வேதியியலாளர்கள் எர்னியும் ஃபிரையும். 1978இல் அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் சென்னா இலையின் சாரம். திருநெல்வேலியின் பெயரிலேயே உலகச் சந்தையில் விற்ற நிலாவரை இனத்து மூலிகைதான் அது. முதல் குழாய் மூலக்கூறுகளை அளவு பார்த்துப் பிரித்தது. அதிலிருந்து வழிந்ததை ஒரு வால்வு பகுதி பகுதியாக இரண்டாம் குழாய்க்குத் தள்ளியது. 1984இல் வேதியியலாளர் கிடிங்ஸ் கணக்கைத் தெளிவாக்கினார்: இரு குழாய்களும் வெவ்வேறு குணத்தைப் பார்த்துப் பிரித்தால் அவற்றின் திறன்கள் கூடுவதில்லை, பெருகுகின்றன. 100 பொருளைப் பிரிக்கும் குழாயும் 50 பிரிக்கும் குழாயும் சேர்ந்தால் ஏட்டளவில் 5,000. நடைமுறையில் அவ்வளவு கிட்டுவதில்லை. 1990இல் புஷியும் ஜோர்கென்சனும், முதல் குழாயில் வருவது முழுவதும் தானாகவே இரண்டாவதற்குச் செல்லும் கருவியை அமைத்தனர்.

பழத்துக்கு இம்முறையை நன்கு பயன்படுத்தியது இத்தாலியின் மெசினா பல்கலைக்கழகம். ஆரஞ்சின் கரோட்டினாய்டுகள் சில தனித்தும், சில கொழுப்பு அமிலத்தோடு பிணைந்தும் இருக்கும். முதல் குழாய் அவற்றை இன்ன வகை என்று பிரிக்க, இரண்டாவது கொழுப்பு அமிலத்தின் நீளம் பார்த்துப் பிரித்தது. மாம்பழத்திலும் பீட்டா கரோட்டினோடு வயலோசாந்தினின் எஸ்டர்கள், அதாவது கொழுப்பு அமிலத்தோடு பிணைந்த வடிவங்கள், இருப்பதால் அதே உபாயம் இங்கும் பொருந்தும்.

ஆயினும் ஏற்றுமதிக் கூழின் அன்றாடச் சோதனை இதுவல்ல. பூச்சிக்கொல்லி எச்சம் தேடுவோரிடம் தேட வேண்டிய பொருள்களின் பட்டியல் முன்பே இருக்கிறது. ஒற்றைக் குழாயும், மூலக்கூறை நிறை பார்த்து இனங்காணும் நிறைமானியும் போதும். இரட்டைக் குழாயில் இரண்டாம் ஓட்டம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும், ஒரு கரைப்பான் மற்றொன்றோடு முரண்படும், பொருளும் நீர்த்துப்போகும். இத்தனை பாடும் தகுவது, எதைத் தேடுவது என்றே தெரியாத கூழுக்குத்தான்.