நாய்த் தத்தெடுப்பும் விலங்கு மீட்பும்: தாமிரபரணிப் படுகை

நாய்த் தத்தெடுப்பு என்பது தெருவில் பிறந்த, கைவிடப்பட்ட, அல்லது அடிபட்டு மீட்கப்பட்ட நாயை விலை கொடுக்காமல் ஏற்று, அதன் ஆயுள் முழுவதும் வீட்டில் வைத்துக் காப்பதாக ஒப்புக்கொள்ளும் நடைமுறை. பூனைக்கும் இது பொருந்தும். ஆனால் திருநெல்வேலி வட்டாரத்தில் பேச்சும் சண்டையும் பெரும்பாலும் நாயைப் பற்றியே. செயல் பழையது, சொல்தான் புதிது. ஒரு தலைமுறைக்கு முன்பு பாளையங்கோட்டையில் யாரும் நாயைத் தத்தெடுத்ததாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். "பக்கத்து வீட்டுல குட்டி போட்டிருந்துச்சு, ஒண்ணு தூக்கிட்டு வந்தோம்" என்பார்கள். தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைப் பெயராகக் குருளை என்பதைச் சொல்கிறது. குட்டி, பறழ் என்ற பெயர்களையும் அது விலக்கவில்லை. பேச்சில் தங்கியது குட்டிதான்.

குட்டி கேட்டு வருகிறவர் முதலில் கேட்பது ஒன்றே: "கடுவனா, பொட்டையா?" கடுவன் என்றால் போகும். பொட்டை என்றால் கூடையிலேயே கிடக்கும். சில நாளில் சந்தைப் பக்கமோ ஆற்றங்கரையிலோ விடப்படும். இந்தப் பகுதியின் தெருநாய் வரலாற்றில் பாதியை இந்தக் கேள்வி சொல்லிவிடும்.

வேட்டை நாயின் காலம்

கோவில்பட்டி, சாத்தூர் கரிசல் காட்டுச் சிற்றூரான சிப்பிப்பாறையின் பெயரையே தாங்கிய நாயினம், ஒடிந்துவிடும் போன்ற இடையும் நீண்ட மூஞ்சியும் கொண்டது. கறுப்பு உடலில் செம்பழுப்புத் திட்டு உள்ளதைக் கன்னி என்பார்கள். கல்யாணப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்ததால் அந்தப் பெயர் என்று ஒரு கதை உண்டு. இந்த நாய்களுக்குக் கூழும் கஞ்சியும் போதும். வேலை, முயலைக் கண்ணால் கண்டு ஓடிப் பிடிப்பது. பாஞ்சாலங்குறிச்சிக்கும் ஒரு முயல் கதை இருக்கிறது: வேட்டை நாய்களை முயல் ஒன்று திரும்பி விரட்டிய இடம் வீரம் விளைந்த மண் என்று கண்டு அங்கே கோட்டை கட்டினார்களாம். இதே கதை விஜயநகரம் உட்பட வேறு பல ஊர்களுக்கும் உண்டு என்பதால் முயலை அளவோடு நம்பலாம். நம்பத்தக்க சான்று வடக்கே, திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கல்லாக நிற்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்து, 7ஆம் நூற்றாண்டு நடுகல் அது. இறந்த வீரனோடு கோவிவன் என்ற அவன் நாயும் அதில் பெயர் சொல்லிச் செதுக்கப்பட்டுள்ளது. நாய்க்குப் பெயர் வைத்து அதைக் கல்லிலும் வெட்டிய சமூகம் இது.

1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு முயல் வேட்டை குற்றமாயிற்று. சட்டம் சரியானதே. அதன் ஓரத்தில் ஒன்று நடந்தது: வேட்டை நாய்க்கு வேலை போயிற்று. வேலையில்லாத நாயைச் சிலர் பெருமைக்காக வைத்துக்கொண்டார்கள், சிலர் விற்பனைக் குட்டிக்காக வைத்துக்கொண்டார்கள், மீதி தெருவுக்கு வந்தது. இந்த இனங்களைக் காக்க அரசு 1980களின் தொடக்கத்தில் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு நாய் இனப்பெருக்கப் பிரிவை அமைத்தது. 2016இல் உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து அது மூடப்பட்டது.

கடிக்குப் பயந்த காலம்

தெருநாயின் கதையை வெறிநாய்க்கடியை விட்டுவிட்டு எழுதுவது ஏமாற்று. பாஸ்டர் 1885இல் தடுப்பூசியைக் கண்டார். அந்த ஊசிக்காகத் தென்னிந்தியர் வடக்கே கசௌலிக்குப் போய்ச் சேர வேண்டியிருந்த நிலை, 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்த பிறகுதான் மாறியது. செம்மறியாட்டின் மூளைத் திசுவில் தயாரித்த மருந்து 2005ஆம் ஆண்டுவாக்கில்தான் இந்தியாவில் முற்றாகக் கைவிடப்பட்டது. "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி" என்று இன்றும் பெரியவர்கள் சொல்லிக் குழந்தைகளை மிரட்டுவது அந்த மருந்தின் நினைவு. கடிபட்டவன் தொப்புளைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்த ஊர், தெருநாயின் மேல் இரக்கம் காட்டத் தயங்கியதில் வியப்பில்லை.

அரசு கண்ட வழி நாய் வண்டி. கம்பிக் கண்ணியில் மாட்டி, வண்டியில் ஏற்றிக் கொன்றார்கள். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமே தெருநாய்களைக் கொல்வதற்கு விதிவிலக்குத் தந்தது. அந்தச் சட்டம் வரக் காரணமானவர் தஞ்சை மாவட்ட வேர் கொண்ட ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவுக்குப் பதிலாக அரசே சட்டம் இயற்றியது. 1962இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவர். நாட்டியக்காரியாக மட்டும் அவரை நினைவுகூர்வது தமிழர்களின் வழக்கமான மறதி. (கால்நடை அவசர ஊர்திக்கு இன்று தமிழ்நாட்டில் அழைக்கும் எண்ணும் 1962தான்.)

மீட்புக் குழு என்ற அமைப்பு தமிழ்நாட்டில் சென்னை தியாகராய நகர் வெள்ளத்தில் பிறந்தது. 1959 மழையில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் வீட்டுக்கு எடுத்துப்போனார். அதிலிருந்து வளர்ந்த புளூ கிராஸ் 1964இல் பதிவு பெற்றது. கொல்வதால் நாய் குறையாது, இடம் காலியானால் பக்கத்துத் தெரு நாய் வந்து குடியேறும், ஆகவே கருத்தடை செய்து ஊசி போட்டு அதே தெருவில் விடவேண்டும் என்று அவர்கள் வாதிட்டார்கள். சென்னை மாநகராட்சி 1996இல் இதை ஏற்றது. 2001இல் நாடு முழுவதற்கும் விதியாயிற்று. 2023 மார்ச்சில் புது விதிகள் வந்தன. கருத்தடை முடிந்த நாயின் காது நுனியில் சிறு வெட்டு வைக்கப்படும். பிடிக்கும் ஆள், ஊசி, அறுவை, அடைப்புக் கூண்டு என எல்லாம் வேண்டும். நாய்களில் 70 விழுக்காட்டுக்காவது ஊசி போட்டால்தான் வெறிநோய்ப் பரவல் உடையும் என்பது உலக அளவில் பின்பற்றப்படும் கணக்கு. அரைகுறையாகச் செய்தால் பணம்தான் போகும், நோய் போகாது.

நெல்லையில் நடப்பது

இங்கே பெரிய மாளிகை போன்ற காப்பகங்களின் வரலாறு இல்லை. 1994இல் மாநகராட்சியான திருநெல்வேலிக்கு அருகே ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012இல் தொடங்கியது. அடிபட்ட நாயைத் தூக்கிக்கொண்டு போக மாணவர்களும் பேராசிரியர்களும் உள்ள இடம் கிடைத்தது அப்போதுதான். 2001ஆம் ஆண்டு விதிப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் மிருகவதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் சங்கம் கோப்பில் உறங்க, வேலையைச் செய்கிறவர்கள் அலுவலகம் முடிந்து வரும் நாலைந்து பேர். அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு ஆட்டோக்காரர், கடனுக்கு மருந்து தரும் கடை இருந்தால் போதும்.

அவர்கள் செய்வதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இப்படி இருக்கும். பேருந்து நிலையத்துச் சுவரோரம் அட்டைப்பெட்டியில் நான்கு குட்டிகள், நான்கும் பொட்டை. ஒன்று படுத்தே கிடக்கிறது, பெட்டிக்குள் இரத்தம் கலந்த கழிச்சலின் தனி நாற்றம். மருத்துவர் முகர்ந்ததுமே "பார்வோ" என்கிறார். தொற்று என்பதால் மற்ற மூன்றையும் உடனே பிரிக்க வேண்டும். படுத்திருந்ததன் முன்னங்காலில் ஊசி குத்தி, மெல்லிய குழாயில் சலைன் ஏற்றி, இரவு முழுக்க ஒருவர் உட்கார்ந்திருப்பார். பிழைத்த குட்டியை ஒரு வீட்டில் தற்காலிகமாக வைப்பார்கள். 'ஃபாஸ்டர்' என்பது இப்போது நெல்லைத் தமிழ்ச் சொல்லாகிவிட்டது. பூச்சி மருந்து, உண்ணி எடுத்தல், 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, 3 மாதத்தில் வெறிநோய் ஊசி. இதெல்லாம் முடிந்த பிறகுதான் படம் எடுத்து, "நல்ல வீடு வேண்டும்" என்று போடுவது.

படத்தைப் பார்த்து வருகிறவரிடம் இவர்கள் கேட்கும் கேள்விகள் பெண் பார்க்க வந்தவரிடம் கேட்பதைவிட அதிகம். சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா? சபரிமலைக்கு மாலை போட்டுப் போனால் யார் சோறு வைப்பது? மொட்டை மாடியில் கட்டி வைப்பதாக இருந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. குழந்தை கேட்டதால் எடுக்கிறீர்கள் என்றால், குழந்தை பத்தாம் வகுப்புப் போகும்போது நாய் யார் பொறுப்பு? பொட்டைக் குட்டியானால் 6 மாதத்துக்குப் பிறகு கருத்தடை செய்வதாக எழுதி வாங்குவார்கள். ஒத்துவராவிட்டால் தெருவில் விடக்கூடாது, தங்களிடமே திரும்பத் தர வேண்டும் என்பதும் தாளில் இருக்கும். நீதிமன்றத்தில் இந்தத் தாளுக்கு எவ்வளவு மதிப்பு என்று கேட்காதீர்கள். கையெழுத்துப் போடத் தயங்குகிறவரை வாசலிலேயே அடையாளம் காட்டும், அதற்காகத்தான் அது. விலங்கு நல வாரியமும் 2022இல் தத்தெடுப்புக்கென நெறிமுறை வெளியிட்டது.

கருத்தடையில்தான் எல்லாரும் இழுப்பார்கள். "ஒரு தடவை குட்டி போடட்டும், அப்புறம் பார்க்கலாம், பாவம் இல்லையா?" என்பார்கள். கணக்கு எளிது: நாய் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு முறை பருவத்துக்கு வரும், சினைக்காலம் சுமார் 63 நாள். ஒரு தடவை இரக்கப்பட்டதன் விளைவு அடுத்த ஆண்டு பேருந்து நிலையத்தில் இன்னொரு அட்டைப்பெட்டி. இரக்கத்தின் பெயரில் அறுவையைத் தள்ளிப்போடுவது இங்கே மீட்பாளர்களுக்கு மிகப் பெரிய தலைவலி, கல்லெறிகிறவர்கூட அடுத்தபடிதான்.

இன்னொரு வகைக் கைவிடல் புதிது. விலை கொடுத்து வாங்கிய வெளிநாட்டு நாய். பாளையங்கோட்டைக் கோடையில் ஹஸ்கி நாய் மூச்சு வாங்குவதை நின்று பார்க்க முடியாது. பக் நாய்க்குக் குளிர்காலத்திலேயே மூச்சு திணறும். தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத 11 வெளிநாட்டு இனங்களின் பெருக்கத்தைத் தடுக்கச் சொன்னது. அந்தப் பட்டியலில் இவை இரண்டும் உள்ளன. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகியவற்றைக் காக்கவும் சொன்னது. 2020இல் பிரதமர் வானொலியில் இந்தப் பெயர்களைச் சொன்னதும் நாட்டு நாய்க்கும் சந்தை சூடேறியது. பெருமையாக வாங்கிய சிப்பிப்பாறை, ஓட இடமில்லாத அடுக்ககத்தில் சோபாவைக் கிழித்து, ஆறே மாதத்தில் மீட்புக் குழுவின் தொலைபேசிக்கு வந்துசேர்கிறது. நாட்டு இனமோ வெளிநாட்டு இனமோ, பாட்டு ஒன்றுதான்.

2018 செப்டம்பர் 28இல் வெளியான மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' திரைப்படம், கருப்பி என்ற வேட்டை நாயின் சாவில் தொடங்கும். அன்றுதான் உலக வெறிநோய் நாளும் என்பது தற்செயல். தண்டவாளத்தில் கட்டிக் கொல்லப்பட்ட நாயைப் பார்த்து நெல்லைத் திரையரங்குகளில் ஆண்கள் அழுதார்கள். அந்தப் பாத்திரத்தில் நடித்த நாய், 2024 தீபாவளியின்போது வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ஓடி வாகனத்தில் அடிபட்டு இறந்ததாகச் செய்தி வந்தது.

தீபாவளிக்கு வெடியே போடாத ஊரும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில், ஊருக்கு உள்ளேயே வேம்பிலும் புளியிலும் கருவேலிலும் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டும். எச்சம் விழுந்த வண்டலை வயலுக்கு அள்ளுவார்கள். 1994இல் சரணாலயம் ஆயிற்று, பின்னர் ராம்சார் தளமும் ஆயிற்று. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை அந்த ஊர்ப் பால்பாண்டியும் அவர் மனைவியும் மீன் ஊட்டி வளர்த்துப் பறக்கவிட்ட கதையைப் பறவை ஆர்வலர்கள் நன்கறிவார்கள். மீட்பிலேயே இது வேறு வகை. காட்டுயிரை மீட்டால் முடிவு விடுவிப்புதான். பச்சைக்கிளியையோ நட்சத்திர ஆமையையோ "தத்தெடுத்தேன்" என்று வீட்டில் வைத்தால் 1972 சட்டப்படி அது குற்றம். நாய்க்கு நேர் எதிர்: மீட்டு வெளியே விட்டால் பாதி வேலைதான் முடிந்தது. இரண்டையும் ஒன்றாக நினைத்து நாரைக்குஞ்சைக் கூண்டில் அடைக்கிறவர்களும், நாயை மலையடிவாரத்தில் "சுதந்திரமாக" விட்டு வருகிறவர்களும் இங்கே உண்டு. களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் விடப்பட்ட நாய் ஒன்று சிறுத்தைக்கு இரையாகும், இல்லையென்றால் மிளாவைத் துரத்தும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணி ஆற்றோரத் தெருக்கள் முழுக மக்கள் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். கட்டிப்போட்ட மாடும் நாயும் கயிற்றின் நீளம் வரைதான் உயிரோடு இருந்தன. வெள்ளத்தில் கதவைத் திறந்துவிடு, முடிச்சை அவிழ்த்துவிடு என்பது இப்போது மீட்புக் குழுக்கள் முன்கூட்டியே சொல்லும் பாடம்.

2025 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைத் திருத்தியது: கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவை, ஆக்ரோஷமானவை மட்டும் வெளியே வரக்கூடாது. விரும்புகிறவர்கள் மாநகராட்சியிடம் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு என்றும் சேர்த்தது. மீட்புக் குழுக்கள் பல ஆண்டாகத் தாளில் எழுதி வாங்கியது இப்போது உத்தரவில் ஏறியிருக்கிறது. நவம்பர் 7ஆம் தேதி உத்தரவு இன்னும் கடுமையானது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும், அங்கே திரும்ப விடக்கூடாது. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம் இல்லாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். காது வெட்டிய நாய்கள் இப்போதும் மதியத்தில் அந்தப் பள்ளிச் சுவர்களின் நிழலில்தான் படுத்திருக்கின்றன.