பழையாறு (கன்னியாகுமரி மாவட்டம்)

பழையாறு தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில், நாஞ்சில் நாட்டின் ஊடாகப் பாயும் ஆறாகும். இதன் கரையில் தாணுமாலயன் கோயில் அமைந்துள்ள சுசீந்திரம் உள்ளது. இந்திரனின் யானையான ஐராவதம் தன் கோட்டால் (தந்தத்தால்) கீறியதால் இவ்வாறு தோன்றியது எனத் தலபுராணம் கூறுகிறது.

புவியியல்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள சுருளகோடு பகுதியில் பழையாறு தொடங்குகிறது. பறளியாற்றின் நீரைக் கொண்டுவரும் பாண்டியன் கால் என்னும் பழமையான கால்வாய் இங்கு இதனுடன் இணைகிறது. பின்னர் ஆறு வீரநாராயணமங்கலம், நாகர்கோவிலின் ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாகச் சென்று மணக்குடியில் அரபிக்கடலில் கலக்கிறது.

வெள்ளத்திற்கான காரணங்கள்

1906 ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும் பெருஞ்சாணி அணையும் நாஞ்சில் நாட்டிற்குப் பாசன நீர் வழங்குகின்றன. ஆனால் இவ்வணைகளின் வெள்ள உபரிநீர் பெரும்பாலும் குழித்துறை ஆற்றின் வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலை அடைகிறது. எனவே பழையாற்றின் வெள்ளம் முதன்மையாக உள்ளூர் மழையைச் சார்ந்தது. சங்கிலித்தொடராக அமைந்த குளங்கள் நிரம்பும்போது ஒன்றின் மறுகால் நீர் அடுத்ததற்குச் சென்று, இறுதியில் தாழ்வான வயல்களின் வழியாக ஆற்றை அடைகிறது. அதாவது, பாசனத்திற்கு உதவும் ஆறே வடிகாலாகவும் விளங்குகிறது. சமவெளியில் ஆற்றின் சரிவு குறைவு. முகத்துவாரத்தில் மணல்திட்டு உருவானால் நீர் வடிவது மேலும் தாமதமாகும்.

இம்மாவட்டம் இரு பருவமழைகளையும் பெறுகிறது. வடகிழக்குப் பருவமழையின்போது வயல்களில் கும்பப்பூ நெற்பயிர் நிற்பதால், நீர் பல நாட்கள் தேங்கினால் பயிர் அழுகிவிடும்.

வெள்ள வரலாறு

* 2004: டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மணக்குடி முகத்துவாரம் வழியாக உட்புகுந்தது. கீழ மணக்குடியையும் மேல மணக்குடியையும் இணைத்த பாலம் அழிந்தது. இது மழையால் அன்றி, கடலால் நேர்ந்த வெள்ளமாகும்.
* 2017: நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலுடன் பெய்த கனமழையால் மாவட்டத்தின் தாழ்வான பகுதிகள் நீரில் மூழ்கின.
* 2021: நவம்பர் மாதக் கனமழையில் குளங்களிலும் கால்வாய்களிலும் உடைப்புகள் ஏற்பட்டன, நெல்வயல்கள் மூழ்கின.

ஈரநிலம்

ஆற்றுப் படுகையிலுள்ள சுசீந்திரம், தேரூர் குளங்கள் மழைநீரைத் தேக்கி வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கின்றன. வலசைப் பறவைகளின் வாழிடமான இவை 2022 ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டன. இத்தகைய குளங்கள் தூர்ந்துபோனால், அவை தாங்கிய நீரையும் ஆறே ஏற்க வேண்டியிருக்கும்.