துரையைத் திட்ட ஓர் இடம்

ஈப்போ பாடாங் பக்கம் போனால் எதிரே நிற்கும் ராயல் ஈப்போ கிளப்பைப் பார்க்காமல் வர முடியாது. 1895இல் தொடங்கிய கிளப். கறுப்பு மரச் சட்டமும் வெள்ளைச் சுவருமாக, இங்கிலாந்துக் கிராமம் ஒன்றிலிருந்து பெயர்த்து வந்து வைத்த மாதிரி இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் துரைமார் திடலில் ரக்பி ஆடிவிட்டு, சேற்றோடு இங்கே வந்து குடித்துக்கொண்டே தோற்ற கதையைப் பேசுவார்கள். என் தாத்தா அந்தக் கிளப்புக்குள் போனதில்லை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தீம்பாரில் பால்மரம் வெட்டியவர் அவர். அவருக்குத் தெரிந்த விளையாட்டு காற்பந்து ஒன்றுதான். அதையும் அவர் ஆடியதைவிடப் பேசியதுதான் அதிகம்.

இந்தக் கட்டுரை அந்தப் பேச்சைப் பற்றியது. தேசிய அணிக்கு யார் கோச், அவன் ஏன் இப்படி ஆடவிட்டான், பேப்பரில் எழுதுகிறவனுக்கு என்ன தெரியும் என்ற பேச்சு. மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. சஞ்சி, கங்காணி, மரண ரயில் என்று எழுதுகிறோம். எழுத வேண்டியதுதான். ஆனால் அந்த மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதைப் பற்றிச் சண்டை போட்டார்கள் என்பதும் வரலாறுதானே?

ரக்பிக்கும் காற்பந்துக்கும் இங்கே கோப்பை கொடுத்தது ஒரே கப்பல். எச்.எம்.எஸ். மலாயா என்ற அந்தப் போர்க்கப்பலைக் கட்டக் காசு கொடுத்தது பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த கூட்டு மலாய் மாநிலங்களின் அரசாங்கம். ஈயமும் ரப்பரும் ஈட்டித் தந்த காசு. முதல் உலகப் போரில் ஜட்லாண்டில் சண்டை போட்ட அந்தக் கப்பல் 1921இல் மலாயாவுக்கு வந்தது. வந்த நினைவாகக் கோப்பைகளை அன்பளித்தது. காற்பந்துப் போட்டி 1921இல் தொடங்கியது. ரக்பிப் போட்டி அடுத்த ஆண்டு. கணக்குப் பார்த்தால், பால்வாளி தூக்கியவர்களின் வியர்வை கப்பலாகி, கப்பல் கோப்பையாகித் திரும்பி வந்திருக்கிறது. இதை நான் பெரியப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "கோப்பைய குடுத்துட்டு கப்பல ஓட்டிக்கிட்டுப் போய்ட்டான்ல" என்றார்.

ரக்பி துரைமார், போலீஸ் அதிகாரிகள், பெரிய ஆங்கிலப் பள்ளிகளோடு நின்றுவிட்டது. காற்பந்து தீம்பாருக்குள் நுழைந்தது. ஒரு பந்து, நாலு கம்பு, கொஞ்சம் சமதரை போதும். பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் ஒரு திடல் இருக்கும். சில நிர்வாகங்கள் பந்தும் சட்டையும் வாங்கிக் கொடுத்தன. ஆட்கள் சாயங்காலம் பந்தை விரட்டிக்கொண்டிருந்தால் சங்கம், கூட்டம் என்று போகமாட்டார்கள் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

அந்த உலகத்தில் வாய் எந்த அளவுக்குத் திறக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதன் கோரிக்கைகளில் ஒன்று, எதிரே துரை வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. கூலி உயர்வோடு சேர்த்து இதையும் கேட்டார்கள். படை வந்தது, துப்பாக்கிச்சூடு நடந்தது, ஆட்கள் செத்தார்கள். எங்கள் தாத்தா அப்போது சிறுவன். சைக்கிளிலிருந்து இறங்கிய தலைமுறையின் மகன்.

இனி 1980க்கு வருகிறேன். 'ஓலா போலா' படம் 2016இல் வந்ததால் இளைய வாசகர்களுக்குக் கதை தெரிந்திருக்கும். அதில் முத்து என்று வரும் கோல் கீப்பருக்கு மூலம் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கியவர். 1988இல் சாலை விபத்தில் இறந்துபோனார். அன்றைய அணியில் தற்காப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங். முன்னால் சபாவிலிருந்து வந்த இருவர், ஜேம்ஸ் வோங்கும் ஹசான் சானியும். ஹசானுக்கு 'லிப்பாஸ் கூடோங்' என்று பட்டம். மலாயில் அதிவேகக்காரனை அப்படித்தான் சொல்வார்கள். பயிற்சியாளர் கார்ல் ஹைன்ஸ் வைகாங் என்ற ஜெர்மானியர். 1966இல் தென் வியட்நாமைக் கூட்டிவந்து நம் மெர்டேக்கா கோப்பையை நம் மண்ணிலேயே தட்டிக்கொண்டு போன அதே ஆள்.

எங்கள் தீம்பாரின் கள்ளுக்கடை வாசலில் அவருக்குப் பெயர் 'ஜெர்மன் துரை'. அப்பா சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். சண்டை இரண்டு கட்சியாக நடந்ததாம். ஒரு கட்சி, வெள்ளைக்காரன்தான் ஆளை வேலை வாங்குவான், நம்மாளு கோச்சானா மாமன் மச்சான் பார்ப்பான் என்றது. தாத்தா எதிர்க்கட்சி. "எப்பப் பாத்தாலும் ஓடச் சொல்றான். கொரியாக்காரனோட ஓடி ஜெயிக்க முடியுமாடா? பந்தக் கால்ல வச்சிக்கிட்டு ஆடணும். எட்டி எட்டி ஒதச்சா அது பந்தா, தேங்காயா?" என்பது அவர் வாதம். தமிழ் நேசனில் வரும் விளையாட்டுச் செய்தியைப் பெரிய கிராணியின் மகன் படித்துக் காட்டுவான். எழுதியவன் தாத்தா கருத்துக்கு மாறாக எழுதியிருந்தால் அவனுக்கும் சேர்த்து விழும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான். பெரட்டில் மண்டோர் பெயர் கூப்பிடும்போது குனிந்து நின்ற மனிதர், அதே நாள் சாயங்காலம் ஒரு வெள்ளைக்காரனின் தொழிலைக் குறை சொல்கிறார். காரணம் சொல்லிக் குறை சொல்கிறார். அதற்காக அவரை யாரும் லயத்தைவிட்டு வெளியேற்றவில்லை. துரையைத் திட்ட அவருக்கு வாய்த்த ஒரே இடம் அது.

அந்த இடத்திலும் ஒருநாள் கேள்வி வந்தது. தாத்தாவிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. இங்கேயே பிறந்தவர் என்பதற்குக் காட்டத் தாள் கிடையாது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும் என்ற சட்டம் இறுகியபோது, பல்லாயிரம் பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். தாத்தா சீட்டு எடுத்துக்கொண்டு தங்கிவிட்டார். வைகாங் பற்றிய சண்டை உச்சத்தில் இருந்தபோது எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கேட்டாராம்: "ஒனக்கு ஓட்டே இல்ல. செவப்பு ஐசி. ஒனக்கு எதுக்குய்யா நேசனல் டீமு?"

தாத்தா பதில் சொல்லவில்லை. ரெண்டு வாரம் கள்ளுக்கடைப் பக்கமே போகவில்லை.

1980 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. ஆட்டம் முடிகிற நேரத்தில் ஹசான் சானி ஓடிக் கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் கோலாக்கினார். தாத்தா அதைக் கிளப் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்ததாக அப்பா சொல்கிறார். பெரியப்பாவோ, "டிவி எங்க இருந்துச்சு, ரேடியோலதான் கேட்டோம், மலாய்ல சொல்றத நான்தான் தமிழ்ல சொன்னேன்" என்கிறார். இருவரும் ஒத்துக்கொள்வது ஒன்றில்தான்: கோல் விழுந்ததும் தாத்தா சொன்னது, "ஓடித்தான்டா ஜெயிச்சான்." வைகாங்கிடம் அவர் தோற்றுப்போனதை ஒப்புக்கொண்ட ஒரே தடவை.

மாஸ்கோவுக்கு அணி போகவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததை எதிர்த்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. ஆடித் தகுதி பெற்றவர்களை ஒரு தாள் நிறுத்தியது. தாளால் நிறுத்தப்படுவது என்றால் என்னவென்று தாத்தாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. அதன் பிறகு இன்றுவரை மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக்கைத் தொடவில்லை.

வைகாங் பின்னர் ஆப்பிரிக்கா, வியட்நாம் என்று சுற்றிவிட்டு பேராக்குக்கே வந்து சேர்ந்தார். 1970க்குப் பிறகு 28 ஆண்டுகள் கழித்து, 1998இல் மலேசியக் கிண்ணம் பேராக்குக்குக் கிடைத்தது அவர் பயிற்சியில்தான். அதற்குள் தாத்தா காலமாகிவிட்டார். தீம்பாரும் கைமாறி, பால்மரம் போய் செம்பனை வந்துவிட்டது. திடலிலும் செம்பனைதான். நாங்கள் ஈப்போவில் மலிவுவிலை அடுக்குமாடியின் நாலாவது மாடியில் இருந்தோம். கீழே கார் நிறுத்த மட்டும் இடம். தேசிய அணியில் இந்தியப் பெயர்கள் ஏன் குறைந்தன என்ற கேள்விக்கு, தேர்வாளர்களின் ஓரவஞ்சனை என்று ஒரு பதில் ஒட்டுக்கடைகளில் எப்போதும் தயாராக இருக்கும். அதில் உண்மை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தேர்வாளரிடம் போகும் முன்னரே எங்கள் பையன்களுக்குத் திடல் போய்விட்டது. அதைப் பற்றி யாரும் மேசையைத் தட்டிப் பேசியதில்லை.

ஆட்டக்காரர்கள் குறைந்த காலத்தில்தான், வேடிக்கையாக, கோச் நாற்காலியில் தமிழர்கள் உட்கார்ந்தார்கள். பி. சத்தியநாதன் 2009 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகத்திடம் சொந்த மண்ணில் 0-5 என்று தோற்ற பிறகு நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு கிளந்தான் பயிற்சியாளராக இருந்தபோது, காற்பந்துச் சங்கத்தைப் பத்திரிகையில் குறை சொன்னதற்காகத் தடை வாங்கினார். கள்ளுக்கடையில் தாத்தா தினமும் செய்த காரியம்தான். அவருக்குத் தடை போட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சத்தியநாதன் இடத்துக்கு வந்தவர் கே. ராஜகோபால். 2009 சீ விளையாட்டில் தங்கம். 2010 டிசம்பர் 1ஆம் தேதி ஆசியான் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1-5. அன்று ஈப்போ மாமாக் கடையில் அப்பாவும் பெரியப்பாவும் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். "சின்னப் பசங்கள வச்சிக்கிட்டு வெளாட்டு காட்டுறான்" என்றார் பெரியப்பா. நான், நம்ம ஆள் ஒருத்தர் அங்கே உட்கார்ந்திருக்கிறாரே, கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாமே என்றேன். அப்பா என்னை முறைத்தார். "நம்மாளுன்னா? வெள்ளைக்காரன திட்டுனோம், இவன திட்டக்கூடாதா? டீம் நம்மளுது."

டிசம்பர் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை ராஜகோபாலின் சின்னப் பசங்கள் 3-0 என்று அடித்தார்கள். சாஃபி சாலி இரண்டு, அஷாரி சம்சுடின் ஒன்று. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றாலும் கிண்ணம் நமக்கு. மாமாக் கடையில் நாற்காலியெல்லாம் பறந்தது. பெரியப்பா மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தார். அவர் கவலை வேறு.

"மொதல் பாதில ஏன் பின்னாலயே நிக்க வச்சான்?" என்றார். தே தாரிக் ஆறும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.