எகிப்தில் ஹெபடைடிஸ் சி

ஹெபடைடிஸ் சி என்பது ரத்தத்தின் வழியே பரவும் வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், உலகிலேயே இந்நோய் மிக அதிகமாகப் பரவியிருந்த நாடாக எகிப்து அறியப்பட்டது. 2008-இல் 15 முதல் 59 வயது வரையுள்ளவர்களிடம் நடந்த நாடளாவிய ரத்தப் பரிசோதனையில் 14.7 விழுக்காட்டினரிடம் இவ்வைரஸுக்கான எதிர்ப்பொருள் காணப்பட்டது. 9.8 விழுக்காட்டினரின் ரத்தத்தில் வைரஸே இருந்தது. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட விழுக்காடு 0.38. ஏறியதற்கும் இறங்கியதற்கும் அரசு நடத்திய பெருந்திட்டங்களே முக்கியக் காரணம். முதல் திட்டம் வேறொரு நோயை ஒழிக்க வந்தது.

பில்ஹார்சியா

அந்த வேறொரு நோய் பில்ஹார்சியா. நன்னீர் நத்தைகளில் வளரும் ஒரு தட்டைப்புழு, தண்ணீரில் இறங்குபவரின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்து, சிறுநீர்ப்பையையோ குடலையோ கல்லீரலையோ பல ஆண்டுகள் அரிக்கும். எகிப்துக்கு இது புதிதல்ல. 1910-இல் மார்க் ஆர்மாண்ட் ரஃபர், மூவாயிரம் ஆண்டுப் பழமையான மம்மிகளின் சிறுநீரகத்தில் இப்புழுவின் முட்டைகளைக் கண்டார். புழுவை முதலில் அடையாளம் கண்டவர் கெய்ரோவின் கஸ்ர் அல்-அய்னி மருத்துவமனையில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸ். ஆண்டு 1851. நத்தையின் பங்கை 1915-இல் எகிப்திலேயே ஆராய்ந்து நிறுவியவர் ராபர்ட் லைப்பர்.

பழைய நோய் பெருநோயாக மாறியதற்குப் பாசனம் காரணம். நைல் வெள்ளம் ஆண்டுக்கொருமுறை வயலில் ஏறி வடிந்த காலத்தில் வாய்க்கால்கள் சில மாதமாவது காய்ந்து கிடந்தன, நத்தைகளும் மடிந்தன. பருத்தி விளைச்சலுக்காக ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடத் தொடங்கியதும், 1902-இல் முதல் அஸ்வான் அணை எழுந்ததும் அந்த இடைவெளியைப் போக்கின. துணி துவைப்பது, குளிப்பது, நாற்று நடுவது எல்லாம் அதே வாய்க்காலில்தான். ஷர்க்கியா மாகாணக் கிராமம் ஒன்றில் பிறந்து அரபு உலகமே கொண்டாடும் பாடகராக உயர்ந்த அப்துல் ஹலீம் ஹாபிஸ், சிறுவயதில் பிடித்த பில்ஹார்சியாவால் கல்லீரல் கெட்டு, 1977 மார்ச் 30 அன்று லண்டன் மருத்துவமனையில் இறந்தார். வயது 47.

ஊசிக் காலம்

ஆன்டிமணி உப்பான டார்ட்டர் எமெடிக்கைச் சிரையில் ஏற்றினால் புழு சாகும் என்பதை 1918-இல் கார்ட்டூமில் ஜே. பி. கிறிஸ்டோபர்சன் காட்டினார். சில ஆண்டுகளிலேயே எகிப்து அதை எடுத்துக்கொண்டது. 1950-களிலிருந்து கிராமம் கிராமமாக மக்களை வரவழைத்துச் செலுத்தும் இயக்கமாக அது வளர்ந்தது. ஒருவருக்கு வாரம் ஒன்றாகப் பல ஊசிகள் போட வேண்டும். 1960-களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் போடப்பட்டன.

அன்றைய சிகிச்சைக் கூடம் ஒன்றைப் பார்வையிட்ட வெளிநாட்டு மருத்துவர் எழுதிவைத்த குறிப்பு இவ்வரலாற்றின் முக்கியச் சான்று. கைத்திறன் மிக்க மருத்துவர் ஒருவர் காலை 9.20-க்குத் தொடங்கி 10.10-க்குள் ஆண், பெண், குழந்தைகள் என 504 பேருக்கு ஊசி போட்டு முடிக்கிறார். இடையில் பத்து நிமிட ஓய்வு வேறு. ஆளுக்கு ஐந்து நொடிகூட ஆகவில்லை. சுழற்சியில் இருப்பவை இருபது முப்பது கண்ணாடி ஊசிக்குழல்கள் மட்டுமே. பயன்படுத்திய குழலை ஒரு தட்டில் போட, செவிலி அதை எடுத்து அலசி, ஓரிரு நிமிடம் கொதிக்கவைத்து, அடுத்த தட்டில் வைக்கிறார். பார்த்தவர் இந்த வேகத்தை வியந்துதான் எழுதினார். அரைகுறையாகச் சுத்தம் செய்த அந்தக் குழல்களில் ஒரு வைரஸ் ஆள்மாறிக்கொண்டிருந்தது அப்போது எவருக்கும் தெரியாது. தெரிய வழியும் இல்லை. ஹெபடைடிஸ் சி வைரஸ் கண்டறியப்பட்டதே 1989-இல்தான்.

1980-களில் பிரசிகுவான்டெல் என்ற மாத்திரை வந்தது. ஊசி தேவையற்றுப் போயிற்று, பில்ஹார்சியாவும் வெகுவாகக் குறைந்தது. இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஊசி இயக்கத்தை நடத்தியவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். கையிலிருந்த மருந்தைக் கொண்டு, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரை இழுத்துச் சென்ற ஒரு நோயோடு போராடினார்கள். தவறு குழலைச் சுத்தம் செய்த விதத்தில் இருந்தது. அந்த விதம் அன்று எகிப்துக்கு மட்டும் உரியதும் அல்ல. இதே ஆன்டிமணி ஊசி போட்ட ஜப்பானின் சில பகுதிகளிலும் பின்னாளில் ஹெபடைடிஸ் சி அதிகமாகவே இருந்தது.

காரணம் தெரிந்த விதம்

1990-களின் தொடக்கத்தில் கெய்ரோவில் ரத்ததானம் செய்தவர்களைப் பரிசோதித்தபோது பத்தில் ஒருவருக்கும் மேல் எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்து மருத்துவ உலகம் திடுக்கிட்டது. ரத்ததானம் செய்ய வருபவர்கள் பார்வைக்கு நலமானவர்கள். போதை ஊசிப் பழக்கம் பரவலாக இல்லாத நாட்டில் இவ்வளவு தொற்று எங்கிருந்து வந்தது?

விடைக்கு வழிகாட்டியது வயது. குழந்தைகளிடம் தொற்று குறைவு, வயது ஏற ஏற விழுக்காடும் செங்குத்தாக ஏறியது. 2008 கணக்கெடுப்பில் 55 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் கிராமத்தில் 18.3 விழுக்காடு, நகரத்தில் 10.3. ஆண்களிடம் 17.4, பெண்களிடம் 12.2. வாய்க்கால் நீரில் நின்றவர் யாரோ, ஊசிக்கு வரிசையில் நின்றவர் யாரோ, அவரிடமே வைரஸும் இருந்தது. கிறிஸ்டினா ஃபிராங்க், முஸ்தபா முகமது, தாமஸ் ஸ்டிரிக்லண்ட் முதலானோர் 2000-இல் லான்செட் இதழில், எந்தப் பகுதியில் எந்தத் தலைமுறைக்கு எவ்வளவு ஊசி போடப்பட்டது என்பதை அங்குள்ள தொற்றோடு ஒப்பிட்டுக் காட்டினர். நைல் டெல்டாவில் இரண்டும் உச்சம், கெய்ரோ, அலெக்சாந்திரியா நகரங்களில் இரண்டும் குறைவு. மூன்றாண்டு கழித்து, வைரஸின் மரபணுவில் சேர்ந்த மாற்றங்களைக் கொண்டு காலத்தைக் கணித்த ஆலிவர் பைபஸ் குழுவினரும், எகிப்தில் அது வெடித்துப் பெருகியது 1930-களுக்கும் 1950-களுக்கும் இடையில் என்றனர். ஊசி பரவிய காலமும் அதுவே.

ஆனால் எல்லாப் பழியையும் ஆன்டிமணி ஊசியின் மீது போட முடியாது. ஊசி இயக்கம் நின்ற பிறகு பிறந்தவர்களுக்கும் தொற்று வந்தது. நாடெங்கும் பரவிவிட்ட வைரஸ் பல் மருத்துவரின் கருவி, அறுவைக் கூடம், பரிசோதிக்காத ரத்தம், முடிதிருத்துபவரின் கத்தி என்று புதுப்புது வழி தேடிக்கொண்டது. ஆண்டுக்கு எத்தனை பேருக்குப் புதிதாகத் தொற்றுகிறது என்பதில் பெரும் சர்ச்சை எழுந்தது. 2010-இல் ஓர் ஆய்வு 5 லட்சத்துக்கு மேல் என்றது. பின்னர் வந்த இன்னொரு கணக்கு அதை ஒன்றரை லட்சத்துக்குக் குறைத்தது.

மருந்தும் விலையும்

2006-இல் அரசு தேசியக் குழு ஒன்றை அமைத்துச் சிகிச்சை மையங்களைத் திறந்தது. அன்றிருந்த மருந்து இன்டர்ஃபெரான், அதுவும் வாராவாரம் ஊசிதான். 48 வாரம் காய்ச்சலும் சோர்வுமாகத் தாங்கியவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே குணம் கிடைத்தது.

2014 பிப்ரவரியில் நடந்தது ஒரு கேலிக்கூத்து. எய்ட்ஸையும் ஹெபடைடிஸ் சி-யையும் குணமாக்கும் கருவி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக ராணுவப் பொறியியல் பிரிவு அறிவித்தது. நோயாளியின் எய்ட்ஸை எடுத்துக் கோஃப்தாவாக்கி அவருக்கே ஊட்டுவதாக அதை உருவாக்கியவர் தொலைக்காட்சியில் சொன்னார். ஜூன் 30 அன்று தொடங்குவதாக இருந்த சிகிச்சை தள்ளிப்போய், பிறகு பேச்சே இல்லாமல் போனது.

அதே ஆண்டு உண்மையான மருந்து வந்தது. சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 12 வாரத்துக்கு 84,000 டாலர். கிலியட் நிறுவனத்தோடு பேரம் பேசி எகிப்து அதை 900 டாலருக்கு வாங்கியது. உள்நாட்டு நிறுவனங்களும் தயாரிக்கத் தொடங்கின, விலை நூறு டாலருக்கும் கீழே சரிந்தது. இணையத்தில் பெயர் பதிந்து காத்திருந்தவர்களின் பட்டியல் 2016-இன் நடுவில் தீர்ந்துபோனது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. 2015-இலும் 15 முதல் 59 வயதினரில் 7 விழுக்காட்டினர் ரத்தத்தில் வைரஸ் இருந்தது. மருந்து கையில் இருக்க, நோயாளி வரவில்லை. அறிகுறியே காட்டாமல் இருபது முப்பது ஆண்டு கல்லீரலைத் தின்னும் நோய் இது. தனக்கு இருப்பது தெரியாதவர் ஏன் மருத்துவமனைக்கு வருவார்?

அதனால் அரசு மக்களைத் தேடிப் போனது. ‘10 கோடி உடல்நலம்’ என்ற இயக்கம் 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை நடந்தது. மருத்துவமனை, இளைஞர் மன்றம், பள்ளிவாசல், ரயில் நிலையம் எங்கும் விரல்நுனி ரத்தச் சோதனை. கூடவே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். ஏழு மாதத்தில் 4 கோடியே 96 லட்சம் பேர் சோதிக்கப்பட்டனர், 22 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் எதிர்ப்பொருள் தெரிந்தது. சோதனைக்கும் சிகிச்சைக்கும் சேர்த்து ஆன செலவு சுமார் 20 கோடியே 70 லட்சம் டாலர். இதன் ஒரு பகுதி உலக வங்கிக் கடன். அதுவரை இவ்வளவு பெரிய மக்கள்தொகையை ஒரு வைரஸுக்காக இவ்வளவு குறுகிய காலத்தில் வேறெந்த நாடும் சலித்துப் பார்த்ததில்லை.

இன்றைய நிலை

2023 அக்டோபர் 9 அன்று, ஹெபடைடிஸ் சி ஒழிப்புப் பாதையில் ‘தங்க நிலை’ எட்டிய முதல் நாடாக எகிப்தை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தொற்றுள்ளவர்களில் 87 விழுக்காட்டினர் கண்டறியப்பட்டிருந்தனர், அவர்களில் 93 விழுக்காட்டினர் சிகிச்சை பெற்றிருந்தனர்.

விழுக்காடுகளை ஒப்பிடுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குணமானவர் ரத்தத்திலும் எதிர்ப்பொருள் தங்கிவிடும். எனவே எதிர்ப்பொருள் கணக்கு இன்னும் பல ஆண்டுகளுக்கு உயர்ந்தே நிற்கும், வைரஸ் கணக்கே இன்றைய நோயைச் சொல்லும். தங்க நிலையும் முழு ஒழிப்பு அல்ல. இந்நோய்க்குத் தடுப்பூசி கிடையாது, குணமானவருக்கு மீண்டும் தொற்றலாம். வைரஸ் போவதற்கு முன்பே கல்லீரல் சுருங்கிவிட்டவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைந்தாலும் முற்றிலும் நீங்குவதில்லை. அவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.