எப்போது தொடங்குவது? நரம்பு நோய்களும் இயன்முறை சிகிச்சையும்

மூளை, தண்டுவடம், நரம்பு ஆகியவை பாதிக்கப்பட்டதால் கை கால் இயக்கம் கெட்டவர்களுக்குப் பயிற்சியால் சிகிச்சை தரும் முறைக்குச் சுமார் 130 ஆண்டு வயது. அதற்கு முன்பும் உடற்பயிற்சி மருத்துவம் இருந்தது. பெர் ஹென்ரிக் லிங் 1813இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய உடற்பயிற்சி நிறுவனம் ஐரோப்பா முழுவதும் பேர் பெற்றது. ஆனால் நரம்பு நோயாளிக்குப் பொதுவாகச் சொல்லப்பட்டது ஓய்வுதான். பிற்பாடு பயிற்சி முறைகள் பல வந்தன, சில போயின. நோயாளியை எந்தக் கட்டத்தில் பயிற்சிக்கு அனுப்புவது என்ற கணிப்பும் அவற்றோடு சேர்ந்து மாறிவந்தது.

இத்துறையின் முதல் பெயர் ஹைன்ரிக் ஃப்ரெங்கல். சுவிட்சர்லாந்தின் ஹைடன் என்ற சிற்றூரில் மருத்துவராக இருந்த அவரிடம், மேகநோய் முற்றித் தண்டுவடத்தைத் தாக்கியதால் தள்ளாடும் நோயாளி ஒருவர் வந்தார். விரலால் மூக்கைத் தொடும் சோதனையில் அவர் தவறினார். சில மாதம் கழித்து வந்தபோது அதையே நன்றாகச் செய்தார். சோதனையில் தேறியாக வேண்டும் என்று இடைக்காலத்தில் பழகியிருந்தார். நரம்பின் சேதம் சரியாகாமலே இயக்கம் சீர்ப்பட முடியும் என்பதை ஃப்ரெங்கல் இதிலிருந்து உணர்ந்து, 1890இல் தம் முறையை வெளியிட்டார். படுத்தும், உட்கார்ந்தும், நின்றும், நடந்தும் படிப்படியாகச் செய்யும் பயிற்சிகள் அவை. மூட்டு எங்கே இருக்கிறது என்ற உணர்வு போய்விட்டதால், அந்த வேலையைக் கண் எடுத்துக்கொள்கிறது. எண்ணிக்கையோடு மெதுவாகச் செய்யும்போது அசைவு ஒழுங்குபடுகிறது. தள்ளாட்டத்துக்கான பயிற்சியில் அவர் பெயர் இன்றும் வழங்குகிறது.

அடுத்த திருப்பத்தைக் கொண்டுவந்தது இளம்பிள்ளைவாதம். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் போலியோ தாக்கிய குழந்தையின் கை கால்களைச் சிம்பிலும் மாவுக்கட்டிலும் வாரக்கணக்கில் அசையாமல் வைப்பதே ஏற்கப்பட்ட சிகிச்சை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் செவிலியராக இருந்த எலிசபெத் கென்னி இதற்கு நேர்மாறாகச் செய்தார். சுடுநீரில் நனைத்துப் பிழிந்த கம்பளித் துண்டுகளால் வலியையும் இறுக்கத்தையும் தணித்து, தசைகளைத் தொடக்கத்திலேயே இயக்கப் பழக்கினார். குயின்ஸ்லாந்து அரசு அமைத்த விசாரணைக் குழு 1938இல் அவர் முறையை நிராகரித்தது. 1940இல் அமெரிக்கா சென்ற கென்னிக்கு மினியாபோலிஸ் நகரம் இடம் தந்தது. 1942இல் அங்கே அவர் பெயரில் நிலையம் எழுந்தது. நோயின் காரணத்தைப் பற்றி அவர் தந்த விளக்கத்தை மருத்துவர்கள் ஏற்கவில்லை. ஆனால் நீண்ட கால மாவுக்கட்டு வழக்கொழிந்தது.

தண்டுவடம் முறிந்தவர்களின் நிலை இதைவிட மோசம். முதல் உலகப் போரில் இவ்வாறு காயமுற்ற வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்தனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் தனிப் பிரிவு தொடங்கிய லுட்விக் குட்மன், நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தார். எஞ்சிய தசைகளுக்குப் பயிற்சியும் தொழிலும் விளையாட்டும் அங்கே சிகிச்சையின் பகுதிகளாயின. 1948இல் 16 பேர் கலந்துகொண்ட வில்வித்தைப் போட்டி, பிற்காலப் பாராலிம்பிக்கின் தொடக்கம்.

பக்கவாதத்தில், நல்ல பக்கத்தைக் கொண்டு சமாளிக்கக் கற்பிப்பதே அதுவரை வழக்கம். ஜெர்மனியிலிருந்து தப்பி லண்டன் வந்த பெர்டா போபத், 1940களில், செயலிழந்த பக்கத்தையே கையாண்டு இறுக்கத்தைத் தளர்த்த முயன்றார். கணவர் கரேல் போபத்தோடு சேர்ந்து மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்காக 1951இல் நிலையம் அமைத்தார். அவரது முறை மற்றவற்றைவிடச் சிறந்தது என்று பிற்கால ஆய்வுகள் காட்டவில்லை. பாதித்த கையைக் கைவிடக் கூடாது என்ற கருத்து மட்டும் நிலைத்தது.

இந்தியாவில் இத்துறை வேரூன்றியது 1950களில். போலியோவின் பின்னணியில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இயன்முறை மருத்துவப் பள்ளி உருவானது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், தொழுநோயால் நரம்பு கெட்டு மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்தார். இடம் மாற்றிய தசைக்குப் புது வேலையைப் பழக்கப் பயிற்சி இன்றியமையாததாக இருந்தது. அங்கே மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கை அறுவை சிகிச்சைகள் செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவர் ஹோவர்ட் ரஸ்க்கிடம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

பயன்படுத்தாத கையை மூளை மறந்துவிடுகிறது என்பதை ஆய்வாளர் எட்வர்ட் டாப் குரங்குகளிடம் கண்டார். நல்ல கையைக் கையுறையால் தடுத்து, பாதித்த கையைத் தீவிரமாகப் பழக்கும் அவரது முறையை, பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதமான 222 பேரிடம் சோதித்த ஆய்வு 2006இல் வெளியானது. பலன் தெளிவாகத் தெரிந்தது. மாதங்கள் கடந்தாலும் பயிற்சிக்கு நேரம் தவறிவிடவில்லை என்றாயிற்று. மறுபுறம், 2,104 பேரைக் கொண்ட அவெர்ட் ஆய்வு 2015இல் அவசரத்துக்கும் எல்லை வகுத்தது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் அடிக்கடியும் அதிக அளவிலும் எழுப்பி நடத்தப்பட்டவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே தேறினர்.

மெல்ல முற்றும் நோய்களில் கணிப்பு வேறு வழியில் முன்னே நகர்ந்தது. பார்க்கின்சன் நோயில், கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்பவர், தரையில் கோடு போட்டால் அதைத் தாண்டி நடந்துவிடுவதை லண்டன் மருத்துவர் பர்டன் மார்ட்டின் 1967இல் விவரித்தார். கோடு போன்ற தூண்டுகுறிகள் பயிற்சியின் பகுதியாயின. நெதர்லாந்தில் 2004இல் இந்நோய்க்கெனத் தனி இயன்முறை வழிகாட்டி வந்தது. கீழே விழுந்தபின் அனுப்புவதைவிட நோய் உறுதியானதுமே அனுப்புவது நல்லது என்ற எண்ணம் இன்று பரவியிருக்கிறது.

எப்போது இயன்முறை சிகிச்சை தேட வேண்டும் என்று சொல்லும் இன்றைய அறிகுறிப் பட்டியலுக்கு இந்த அனுபவங்களே அடிப்படை. முகம் திடீரெனக் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கை கால் சோர்தல் ஆகியவற்றுக்கு முதலில் வேண்டியது அவசர சிகிச்சைப் பிரிவு; இயன்முறை மதிப்பீடு உடல்நிலை சீரானதும் அங்கேயே தொடங்கும். பாதித்த தோளில் வலி, விரல்கள் மடங்கி இறுகுதல், நடக்கையில் முன்பாதம் தரையில் இடறுதல், விழப்போய்த் தப்பித்தல், திரும்பும்போது பல சிற்றடி வைத்தல், நாற்காலியிலிருந்து எழத் திணறுதல், வாசற்படியில் கால் நின்றுபோதல் ஆகியவை தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. ஒரு வயதுக்கு முன்பே குழந்தை ஒரு கையை மட்டும் பயன்படுத்துவதும் அத்தகையதே. முன்பு பயிற்சி முடித்தவரானாலும், நடையிலோ கை வேலையிலோ புதிய மாற்றம் தெரிந்தால் மறுபடியும் மதிப்பீடு தேவைப்படுகிறது.